இங்ரிட் நியூகிர்க்கின் உயில்

அன்புள்ள ஐயா,

பீட்டா அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான இங்ரிட் நியூகிர்க், தான் இறந்ததும் தன் சதையை இறைச்சிபோலச் சுடவும் தோலில் பை தைக்கவும் உயில் எழுதியிருக்கிறார் என்று படித்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. வெறும் விளம்பரம்தானே இது? செத்த உடம்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இதனால் எந்த விலங்குக்கு என்ன நன்மை?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2003-இல் வெளியான அந்த உயிலில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பாதங்களைக் குடைதாங்கி ஆக்கச் சொல்கிறார். யானையின் காலை வெட்டிக் குடைந்து, நகங்களோடு அப்படியே கூடத்தில் வைத்துக் குடை செருகிய சீமான்கள் இருந்தார்கள். கண்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவருக்கு. விலங்குகள்மேல் நச்சுச் சோதனை நடத்துவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்போம் என்று சொல்ல. ஒரு காது கனடா நாடாளுமன்றத்துக்கு. அடித்துக் கொல்லப்படும் சீல் என்ற கடல் விலங்குகளின் அலறல் அங்கே கேட்கட்டும் என்று.

ஈரல் பிரான்சுக்கு. அங்கே ஃபுவா கிரா என்ற பண்டத்துக்காக வாத்தின் தொண்டைக்குள் குழாயை இறக்கி மக்காச்சோளத்தைத் திணிக்கிறார்கள். தினமும் இரண்டு வேளை, ஏறக்குறைய இரண்டு வாரம். ஈரல் கொழுப்பேறிப் பல மடங்கு வீங்கியதும் அறுப்பு. 2006-இல் பிரான்ஸ் இதைத் தன் பண்பாட்டுச் சொத்து என்று சட்டத்திலேயே எழுதிவைத்தது. இந்தியா 2014-இல் இறக்குமதிக்குத் தடை போட்டது. எனக்குக் குமட்டுவது இதுதான். நியூகிர்க்கின் ஈரலுக்கு வலிக்கப்போவதில்லை. அந்த வாத்து உயிரோடு இருக்கும்போதே எல்லாம் நடக்கிறது.

மரியாதை பற்றிக் கேட்டீர்கள். அதே 2003-இல் பீட்டா, நாஜி வதைமுகாம் படங்களையும் இறைச்சிப் பண்ணைப் படங்களையும் அருகருகே வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. அதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அடுத்தவர் வீட்டுச் சாவைத் தன் வாதத்துக்கு எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. 2005-இல் நியூகிர்க் மன்னிப்புக் கேட்டார். உயிலில் அவர் எழுதிக் கொடுத்திருப்பது தன் சொந்த உடம்பை. அதில் அவமரியாதை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

நன்மை என்ன என்று கேட்டால், உயிலால் மட்டும் எதுவும் நடந்ததாக நான் சொல்லமாட்டேன். சுட்டுவிரலை ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸின் முதலாளிக்கு எழுதியிருந்தார். அந்த சர்க்கஸ் 2016-இல் யானைகளை வித்தையிலிருந்து விடுவித்தது. அதற்குப் பின்னால் பல வருடப் போராட்டமும், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்கள் அங்குசத்துக்குப் போட்ட தடையும் இருந்தன. 2017-இல் சர்க்கஸையே மூடினார்கள். 2023-இல் மறுபடி தொடங்கியபோது அரங்கில் விலங்குகளே இல்லை.

அன்புடன்.