லடாக் காற்றில் டிரைபாட் அசையாமல் நிற்க: கேள்வி பதில்

பாங்காங் ஏரிக்கரையிலும் ஹன்லேயிலும் இரவு வானத்தைப் படம்பிடிக்கப் போகிறவர்கள், கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாடைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். இரண்டு இடங்களும் கடல்மட்டத்திலிருந்து 4200 மீட்டருக்கும் மேலே இருப்பவை. காற்றும் குளிரும் அங்கே சேர்ந்தே வருவதால் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து: ஐயா, என்னிடம் இருப்பது ஒன்றரை கிலோ எடையுள்ள கார்பன் ஃபைபர் டிரைபாட். லடாக் காற்றுக்கு அது தாங்காது, கனமான அலுமினிய டிரைபாட் வாங்கிக்கொள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்; மணிக்கு 20 கிலோமீட்டரில் அசையாமல் நின்ற டிரைபாட் 40 கிலோமீட்டரில் ஆட்டம் காண்பது இதனால்தான். இந்தக் கணக்கை ஒன்றிரண்டு கிலோ கூடுதல் எடையால் ஈடுகட்ட முடியாது. உயரத்தைக் குறைப்பதும், காற்று பிடிக்கும் பரப்பைக் குறைப்பதும், கால்களைத் தரையோடு இறுகச் சேர்ப்பதுமே பலன் தரும்.

நடுத்தண்டை முழுவதும் இறக்கிவிடுங்கள். கால்களில் மேலே உள்ள தடித்த பகுதியை மட்டும் நீட்டுங்கள். அடியிலுள்ள மெல்லிய குழாய்கள்தான் முதலில் வளைந்து அதிரும். கால்களை அடுத்த கோணத்துக்கு விரித்து, கேமராவை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு என்பதால் இதில் இரட்டை லாபம். பிறகு லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹூடைக் கழற்றிவிடுங்கள், கழுத்துப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். பட்டையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியில், ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு பாருங்கள்: பட்டை ஒவ்வொரு முறை படபடக்கும்போதும் அந்தப் புள்ளி துடித்து அடங்குவது கண்ணுக்கே தெரியும்.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. ஹன்லேயின் காற்று நம் சமவெளிக் காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே அதே வேகத்தில் வீசினாலும் அந்த அளவுக்குக் குறைவாகவே தள்ளும்.

நாகர்கோவிலிலிருந்து: நடுத்தண்டின் அடியில் உள்ள கொக்கியில் கேமராப் பையைத் தொங்கவிட்டால் போதுமா?

அந்தரத்தில் தொங்கும் பை காற்றில் ஊசலாடும். அந்த ஆட்டம் நேரே டிரைபாடுக்கு ஏறும். பையின் அடிப்பகுதி தரையில் பட்டுக்கொண்டு, எடையில் ஒரு பகுதி மட்டும் கொக்கியை இழுக்கும்படி நீளத்தைச் சரிசெய்யுங்கள். இதைவிடச் சிறந்த வழி, கொக்கியிலிருந்து நீளாத நாடாப் பட்டை ஒன்றை இறக்கி, தரையில் கிடக்கும் பெரிய கல்லோடு இறுக்கிக் கட்டுவது. எலாஸ்டிக் கயிறு மட்டும் கூடாது, அது நீண்டு சுருங்கித் தானே ஓர் அதிர்வை உண்டாக்கும். விமானத்தில் எடைக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் உறுதியான வெறும் துணிப்பை ஒன்றை எடுத்துப்போனால் போதும். லடாக்கில் கல்லுக்குப் பஞ்சமில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து: மூன்று கால்களில் எதைக் காற்றின் பக்கம் வைக்க வேண்டும்?

ஒரு கால் காற்று போகும் திசையை நோக்கி இருக்க வேண்டும். காற்று வரும் திசையில் ஒரு காலை ஊன்றுவதே சரி என்று தோன்றும், ஆனால் கணக்கு வேறு. டிரைபாட் சாயும்போது ஏதேனும் இரண்டு பாதங்களை இணைக்கும் கோட்டின் மீதுதான் கவிழும். மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குள்ள தூரம், மையத்திலிருந்து ஒரு பாதத்துக்குள்ள தூரத்தில் சரிபாதி. காற்று போகும் பக்கம் இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி அமைந்துவிட்டால், கவிழ்க்கத் தேவையான விசையும் பாதியாகிவிடும். சரிவான நிலத்தில் மட்டும் இதைத் தளர்த்தி, சரிவின் கீழ்ப்பக்கம் ஒரு காலை வைப்பதற்கு முதலிடம் கொடுங்கள்.

திருச்சியிலிருந்து: ஜனவரியில் போகிறேன். பனிக்கட்டி மீதும் பனி மீதும் எப்படி நிறுத்துவது?

பாங்காங் உவர் ஏரியாக இருந்தும் குளிர்காலத்தில் உறைந்துவிடும். கட்டி எந்த இடத்தில் தாங்கும் என்பதை உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் அதன் மீது இறங்காதீர்கள்.

ரப்பர் பாதம் குளிரில் இறுகி, கட்டியின் மீது வழுக்கும். கூர்முனைப் பாதங்களை மாட்டிக்கொள்ளுங்கள். அறையிலிருந்தோ வண்டியிலிருந்தோ எடுத்த டிரைபாட் வெதுவெதுப்பாக இருப்பதால் பாதத்தடியில் பனி சிறிது உருகி, நீண்ட எக்ஸ்போஷரின் (ஒரு படத்துக்கு ஒளி பதியும் நேரம்) நடுவில் மெல்ல இறங்கும். ஆகவே வெளியே வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகே படம் எடுக்கத் தொடங்குங்கள். ஆழமான மென்பனியில் கால்களை முழுக்க விரித்துவிட்டு மேலிருந்து அழுத்துவது மிகவும் ஆபத்தானது: பாதங்கள் பனிக்குள் மேலும் விரியப் பார்க்க, மேலே பூட்டு தடுக்க, கால் வளைந்து மூட்டுப் பகுதி விரிசல் காணும். கால்களைச் சற்றுக் குறுக்கி வைத்து, அழுத்த அழுத்த அவை தாமாக விரிந்து இறங்கும்படி விடுங்கள்.

சென்னையிலிருந்து: கடுங்குளிரில் பால் ஹெட் (கேமராவைத் திருப்ப உதவும் உருண்டை மூட்டுத் தலை) அசைய மறுக்கிறது, கால் லாக்குகள் சிக்கிக்கொள்கின்றன. எண்ணெய் விடலாமா?

விட வேண்டாம். பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஹெட்டின் உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டியாகியிருக்கலாம். அதற்குப் பயணத்துக்கு முன்பே பிரித்துச் சுத்தம் செய்து, தாழ்வெப்ப கிரீஸ் இடுவதுதான் தீர்வு. கேமராவைச் சீராகத் திருப்ப உள்ளே கெட்டித் திரவம் கொண்ட, வீடியோவுக்கான ஃப்ளூயிட் ஹெட்டில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அடுத்தது, உலோகம் சுருங்குவது. ஒரு மீட்டர் அலுமினியம் 40 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் குறுகும். கார்பன் ஃபைபர் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. இரண்டும் சேரும் இடங்களில் ஒரு திருகு இறுகும், இன்னொன்று தளரும். எனவே அலன் கீயை (அறுகோணத் திருகுச் சாவி) சட்டைப் பையிலேயே வைத்திருந்து, குளிரில் ஒருமுறை எல்லாத் திருகுகளையும் சரிபாருங்கள். மூன்றாவது காரணம் ஈரம். ஓடையில் நனைந்த கால்களைத் துடைக்காமல் மடக்கினால், உள்ளே நிற்கும் நீர் இரவில் உறைந்து லாக்கைப் பூட்டிவிடும். பலங்கொண்டு திருகாமல் வண்டிக்குள் வைத்து இளக விடுங்கள்.

மதுரையிலிருந்து: கையுறையோடு திருகுகளைப் பிடிக்க வரவில்லை. வெறுங்கையால் தொடலாமா?

உலர்ந்த கையால் நொடிப்பொழுது தொடலாம். ஈரமான தோல் உறைகுளிர் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்காட் தலைமையிலான 1910-13 அண்டார்க்டிக் பயணத்தின் புகைப்படக்காரர் ஹெர்பர்ட் பாண்டிங், ஃபோகஸ் செய்யும்போது உதட்டை ஈரப்படுத்த நீட்டிய நாக்கு கேமராவின் உலோகத்தில் ஒட்டிக்கொண்டதாகப் பதிவு செய்திருக்கிறார். மெல்லிய உள்ளுறை ஒன்றும் அதன் மேல் தடித்த கையுறை ஒன்றுமாக அணியுங்கள். அலுமினியக் கால்களில் நுரை உறை சுற்றிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: எல்லாம் செய்தும் 20 நொடி எக்ஸ்போஷரில் நட்சத்திரங்கள் இழுபடுகின்றன. என்ன செய்யலாம்?

ஒரே நீண்ட எக்ஸ்போஷருக்குப் பதிலாக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர் அளவு) உயர்த்தி, 6 முதல் 8 நொடிப் படங்களாகப் பல எடுத்து, அசைந்தவற்றை நீக்கிவிட்டு மீதியை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். காற்று ஒரே சீராக வீசுவதில்லை. இரண்டு வீச்சுகளுக்கு நடுவே கிடைக்கும் அமைதிக்குள் குறுகிய எக்ஸ்போஷர் அடங்கிவிடும். ரிமோட்டையோ இரண்டு நொடி டைமரையோ பயன்படுத்துங்கள். வண்டியைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தி, இஞ்சினை அணைத்து, அதன் மறைவில் டிரைபாடை வைக்கலாம். வண்டியின் மீது சாய்த்து மட்டும் வைக்காதீர்கள். ஹன்லே இருள் வானப் பாதுகாப்புப் பகுதி என்பதால் முகப்பு விளக்கைப் போடாமல், மங்கலான சிவப்பு டார்ச்சையே பயன்படுத்துங்கள்.

ஈரோட்டிலிருந்து: எந்த அளவுக்குக் காற்று வீசினால் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவையில் 6, அதாவது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வரை, குடை பிடிப்பதே கடினமாகும் நிலை. அதை எட்டினால் டிரைபாடை மடக்கிவிட்டு, மணல் நிரப்பிய பையைத் தரையில் வைத்து அதன் மேல் கேமராவைப் படுக்கவையுங்கள். அகலக்கோண லென்ஸுக்கு அது நன்றாகவே போதும். காற்று எந்த அளவில் இருந்தாலும் டிரைபாடைத் தனியே விட்டு அகலாதீர்கள். அறைக்குத் திரும்பும்போது கேமராவைக் காற்றுப்புகாத பாலிதீன் பையில் மூடியபடியே உள்ளே கொண்டுபோய், அறை வெப்பத்துக்கு வந்த பின் திறவுங்கள். டிரைபாடின் கால்களை முழுக்க நீட்டி, துடைத்து, காலைவரை உலரவிடுங்கள்.