ரீபூட் செய்தும் பழைய டிரைவர்தான் ஓடுகிறது, ஏன்?

கேள்வி: லினக்ஸ் சர்வரின் ரெய்டு கன்ட்ரோலருக்கு (பல டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கார்டு) புதிய மெகாரெய்டு_சாஸ் டிரைவரை நிறுவினேன். மாட்இன்ஃபோ புதிய எண்ணைக் காட்டுகிறது. ரீபூட் செய்த பிறகும் டிமெசேஜில் (கர்னலின் பூட் பதிவு) பழைய எண்தான் வருகிறது. சர்வர் பூட் ஆவதும் இதே கன்ட்ரோலரில் உள்ள டிஸ்கிலிருந்துதான்.

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே காரணம் இருக்கிறது. ரூட் டிஸ்க்கைத் திறக்கவே இந்த டிரைவர் வேண்டும் என்பதால், கர்னல் அதை டிஸ்கிலிருந்து எடுக்க முடியாது. பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் பிரதியை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மாற்றியது டிஸ்கில் உள்ள கோப்பை. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பழையது அப்படியே கிடக்கிறது. மாட்இன்ஃபோ டிஸ்கில் உள்ள கோப்பைத்தான் படிக்கும். ஓடிக்கொண்டிருப்பது எது என்று அறிய /சிஸ்/மாட்யூல்/மெகாரெய்டு_சாஸ்/வெர்ஷன் கோப்பைக் கேட் செய்யுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போனால்தான் வேலை முடிந்தது.

ஆகவே இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை (இமேஜ்) மறுபடி உருவாக்க வேண்டும். முதலில் டிஎஃப் போட்டு /பூட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லாமல் பாதியில் நின்ற இமேஜோடு ரீபூட் செய்தால் சர்வர் எழாது. இப்போதைய இமேஜை வேறு பெயரில் அங்கேயே நகலெடுங்கள். இதை மட்டும் தவிர்க்கவே வேண்டாம். பிறகு மாட்யூல் (டிரைவர் கோப்பு) பட்டியலைப் புதுப்பிக்க டெப்மாட் -ஏ. இமேஜை உருவாக்க ரெட்ஹேட் வகையில் ட்ராகட் -எஃப், டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு. முடிந்ததும் எல்எஸ்இனிட்ஆர்டி (டெபியனில் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்) கொண்டு புதிய இமேஜுக்குள் டிரைவர் கோப்பு இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

ரூட் கிடைக்கவில்லை என்று எமர்ஜென்சி ஷெல்லில் போய் நின்றால் பதற வேண்டாம், டேட்டா எங்கும் போய்விடவில்லை. பூட் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் 'இ' அழுத்தி, இனிட்ஆர்டி வரியில் நகலின் பெயரைக் கொடுத்து பூட் செய்யுங்கள்.

கேள்வி: டிரைவர், ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இரண்டையும் ஒரே ரீபூட்டில் முடித்துவிடலாமா?

பதில்: கூடாது. கோளாறு வந்தால் எதனால் என்று பிரித்தறிய வழியிருக்காது. ரிலீஸ் குறிப்பு வேறு வரிசை சொல்லாதவரை டிரைவரை முதலில் மாற்றுங்கள். புதிய டிரைவர் பழைய ஃபர்ம்வேரோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். பழைய டிரைவர் புதிய ஃபர்ம்வேரோடு ஒத்துப்போகும் என்பதற்கு அந்த அளவு உறுதி இல்லை.

ஃபர்ம்வேருக்கு முன் பேக்கப். அடுத்து கன்ட்ரோலரின் நிலையைக் காட்டும் ஸ்டோர்சிஎல்ஐ64 /சி0 ஷோ ஆல். எல்லா விர்ச்சுவல் டிரைவும் (டிஸ்குகளைச் சேர்த்து கன்ட்ரோலர் காட்டும் டிரைவ்) ஆப்டிமல் நிலையில் இருக்க வேண்டும். ரீபில்டோ கன்சிஸ்டென்சி செக்கோ ஓடினால் முடியும்வரை காத்திருங்கள். டிஸ்க்கில் எழுதப்படாத ரைட் கேஷ் தங்கியிருக்கிறதா என்று /சி0 ஷோ ப்ரிசர்வ்ட்கேஷ் சொல்லும். இருந்தால் அதைத் தீர்க்காமல் ஃபிளாஷ் செய்யாதீர்கள். ஃபிளாஷ் ஓடும்போது மின்சாரம் போனால் கார்டே செத்துப்போகலாம், ஆகவே யுபிஎஸ் கட்டாயம். முடிந்த பிறகும் ரீபூட் செய்யும்வரை ஓடுவது பெரும்பாலும் பழைய ஃபர்ம்வேர்தான்.

இன்னொன்று: டெல் பெர்க் போன்ற கார்டுகளில் சிப் பிராட்காமுடையதாக இருக்கலாம். அதற்காக பிராட்காமின் பொது ஃபர்ம்வேரை ஏற்றாதீர்கள். எல்எஸ்பிசிஐ காட்டும் சப்சிஸ்டம் எண்ணைப் பார்த்து, சர்வர் நிறுவனம் தரும் கோப்பையே எடுங்கள்.

கேள்வி: டிகேஎம்எஸ் (கர்னலுக்கு ஏற்ப டிரைவரை பில்டு செய்யும் கருவி) வழியாக டிரைவரை பில்டு செய்தேன். அதை ஏற்ற மாட்ப்ரோப் கொடுத்தால் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்கிறது.

பதில்: நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கிறது, மாட்யூலில் உள்ள கையொப்பத்தைக் கர்னல் நம்பவில்லை. டிகேஎம்எஸ் பயன்படுத்தும் பொதுச் சாவியை மோக்யூட்டில் என்ற கட்டளையின் --இம்போர்ட் மூலம் கொடுத்து ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். அடுத்த பூட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் மோக்' தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். அந்தத் திரை எஸ்எஸ்ஹெச்சில் தெரியாது, சில நொடிகளே காத்திருக்கும். ஆகவே சர்வர் திரையைத் தொலைவிலிருந்து காட்டும் ஐபிஎம்ஐ கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டே ரீபூட் கொடுங்கள்.

கேள்வி: டிரைவர் மாற்றியதும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற டிஸ்க் பெயர்கள் இடம் மாறிவிட்டன.

பதில்: அந்தப் பெயர்கள் டிஸ்க்குகள் கண்டறியப்படும் வரிசையில் அமைபவை, நிலையானவை அல்ல. எஃப்எஸ்டேபில் (மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல் கோப்பு) அந்தப் பெயர்களுக்குப் பதில் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி எழுதுங்கள். பேக்கப் ஸ்கிரிப்ட்டுகளில் /டெவ்/டிஸ்க்/பை-ஐடி பாதையைக் கொடுங்கள்.