வரைந்தது யார்?

கேள்வி: புகழ்பெற்ற ஓவியர் போஷ் வரைந்த ‘பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும்’ என்ற செப்புத் தகட்டுப் படம் அதிகாரத்தின் அநீதியைத்தானே காட்டுகிறது? விளக்குங்களேன்.
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: அநீதி அப்புறம். ‘போஷ் வரைந்த’ என்கிறீர்களே, அதைப் பார்த்ததும் எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வரைந்தவர் பீட்டர் புரூகல் என்ற இன்னொரு ஓவியர். 1556 என்று ஆண்டும் தன் பெயரும் போட்டு அவர் வரைந்த மூலம் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தகட்டில் வெட்டியவர் பீட்டர் வான் டெர் ஹேடன். 1557இல் ஆன்ட்வெர்ப்பில் அச்சடித்து விற்றவர் ஹிரோனிமஸ் காக். அச்சுப் பிரதியில் காக்கின் பெயர் இருக்கிறது. வெட்டியவரின் முத்திரை எழுத்து இருக்கிறது. ‘கற்பனை: போஷ்’ என்றும் இருக்கிறது. போஷ் 1516இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். புரூகலைத்தான் காணோம்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. செத்த போஷ் விற்பார், உயிரோடிருக்கும் இளைஞன் விற்கமாட்டான் என்பது காக்கின் கணக்கு. நம்மூரில் அகத்தியர் தலையில் கட்டிய வைத்திய நூல்கள் எத்தனை? அத்தனையும் அவரே எழுதியிருந்தால் கமண்டலம் நிறைய மை வைத்திருந்தாலும் பற்றியிருக்காது.

எனக்கும் ஒரு காக் வாய்த்தார். இளம் வயதில் ஒரு துப்பறியும் நாவலை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அட்டையில் மூல ஆசிரியர் சுருட்டோடு சிரித்தார். என் பெயரை நன்றிப் பக்கத்தில், பைண்டிங் செய்தவருக்கும் கீழே, எழுத்துப் பிழையோடு கண்டெடுத்தேன். சன்மானம்? பத்துப் பிரதிகள். போய்க் கேட்டதற்கு, “தம்பி, உங்க பேரைப் போட்டா யார் வாங்குவா?” என்றார். பத்தில் ஒன்பது இன்னும் என் பரணில்தான் இருக்கின்றன. எனவே அவர் சொன்னது பொய்யென்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

சரி, உங்கள் அநீதிக்கு வருகிறேன். தண்டிக்க அரசன் இல்லாவிட்டால் பலசாலி பலவீனனை விழுங்குவான் என்கிறது அர்த்தசாஸ்திரம்; மத்ஸ்ய நியாயம், அதாவது மீன் நியாயம் என்று அதற்குப் பெயர். புரூகலின் கரையில் அரசாங்கம் ஏற்கெனவே வந்திறங்கியிருக்கிறது. தலைக்கவசம் போட்ட ஒருவன், தன்னைவிடப் பெரிய கத்தியால், ஒதுங்கிக் கிடக்கும் ராட்சத மீனின் வயிற்றைக் கிழிக்கிறான். கத்தியில் சிலுவை வைத்த உலக உருண்டை, அரச அதிகாரத்தின் சின்னம். கிழிந்த வயிற்றிலிருந்து மீன்கள் சரிகின்றன, அவற்றின் வாயிலும் மீன்கள். விழுங்கியதை வெளியே எடுத்தாயிற்று. ஆனால் சின்ன மீன் ஒன்றாவது கடலுக்குத் திரும்புகிறதா, பாருங்கள்.

கீழே படகில் ஒரு தகப்பன் மகனுக்கு இதையெல்லாம் காட்டுகிறான். ‘பார் மகனே, பெரிய மீன் சின்னதைத் தின்னும் என்று எனக்கு வெகுநாளாகத் தெரியும்’ என்று ஃபிளெமிஷ் மொழியில் அடியில் வரி ஓடுகிறது. பையனோ அதே படகில் இருக்கும் இன்னொரு ஆளைக் காட்டுகிறான். அந்த ஆள் ஒரு மீனின் வயிற்றிலிருந்து குட்டி மீனை உருவிக்கொண்டிருக்கிறான். நம்ம படகிலும் அதுதானே நடக்குது அப்பா என்கிறான் போலிருக்கிறது. தகப்பன் முகத்தில் பதில் இல்லை.

ஓரமாக மனிதக் கால் முளைத்த ஒரு மீன், வாயில் இன்னொரு மீனைக் கவ்விக்கொண்டு நடையைக் கட்டுகிறது. அது எதற்குக் குறியீடு என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த நடையை நான் ஒரு பதிப்பகத்தின் மாடிப்படியில் பார்த்திருக்கிறேன்.