நாள் முழுக்க கான்கிரீட் தரையில் நிற்பவர்களுக்கு எந்த ஷூ?

கடையில் போட்டுப் பார்த்தபோது மெத்து மெத்தென்று இருந்தது. வேலைக்குப் போட்டுப் போனால் மதியத்துக்குள் குதிகால் கடுக்கிறது. ஏன்?

அந்த மெத்தென்ற சோல்தான் காரணமாக இருக்கும். கான்கிரீட் துளியும் அமுங்காது. அதனால் உடல் எடையைத் தாங்கி அமுங்கும் வேலை முழுக்க ஷூவின் தலையில் விழுகிறது. ரொம்ப மென்மையான ஃபோம் சில மணி நேரத்தில் அடிவரை நசுங்கிவிடும். அப்புறம் வெறுந்தரையில் நிற்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. தள்ளாடும் சோல் மேல் நிலையாக நிற்கக் கணுக்காலும் கெண்டைக்கால் சதையும் ஓயாமல் உழைக்க வேண்டியிருப்பதால் வலி மேலும் கூடும்.

ஆகவே கையால் அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள். ஷூவின் முனையையும் குதியையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் சரி, நடுவில் மடிந்தால் வேண்டாம். ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்குங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் அதையும் வைத்துவிடுங்கள். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பின்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் அது குழியக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் போட்டுக்கொண்டு, கம்பளம் இல்லாத தரையில் பத்து நிமிடமாவது சும்மா நில்லுங்கள். நடந்து பார்ப்பதைவிட நின்று பார்ப்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

சோல் எதனால் ஆனது என்றும் கேளுங்கள். ஈவிஏ ஃபோம் எடை குறைவு, ஆனால் சீக்கிரம் அமுங்கிப்போகும். பாலியூரித்தேன் சற்றே கனம், ஆனால் அதிக நாள் தாங்கும். நின்றே வேலை செய்பவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

சாயங்காலம் விரல்கள் மரத்துப்போகின்றன. ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

முதலில் அகலத்தைப் பாருங்கள். நீளம் சரியாக இருந்து அகலம் போதாமல் அவதிப்படுபவர்கள் ஏராளம். நீளமான ஷூ வாங்கினால் கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கி, விரல்கள் பிடிமானம் தேடிச் சுருண்டுகொள்ளும். நின்றால் கால் வீங்கும் என்பதால், மாலையில், வேலைக்குப் போடும் அதே சாக்ஸுடன் போய் வாங்குங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் கையின் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இல்லாவிட்டால் பெரிய காலுக்கு வாங்குங்கள். லேஸ் உள்ளது நல்லது, வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்திக்கொள்ளலாம்.

பழைய ஷூவில் புது இன்சோல் போட்டால் போதாதா?

ஷூவின் சோல் உயிரோடு இருந்தால் போதும். பக்கவாட்டில் சோலைப் பாருங்கள். குறுக்கே சுருக்கங்கள் விழுந்திருந்தாலோ, மேஜை மேல் வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தாலோ ஷூவையே மாற்றுங்கள். அடிப்பகுதி தேயவில்லையே என்று பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வியர்வை காயவும் ஃபோம் மீளவும் நேரம் கிடைக்கும்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. ஷூ மாற்றினால் போய்விடுமா?

உள்ளங்கால் தசைநார் அழற்சிக்கு இது பொதுவான அறிகுறி. நல்ல ஷூ உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயும் பாதத்தில் உணர்ச்சிக் குறைவும் இருந்தால் தாமதிக்கவே வேண்டாம். தினமும் ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். உள்ளே கிடக்கும் சின்னக் கல்லும் தெரியாமலேயே புண்ணாக்கிவிடும்.