டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுபட்ட பதக்கம்

அண்ணாச்சிக்கு வணக்கம். 1971 போரில் மேற்கு முனையில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றியும், படையிலிருந்து விடுவிக்கும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் சங்கிராம் பதக்கம் மட்டுமே பதிவாகி, பஸ்சிமி ஸ்டார் என்ற இன்னொரு போர்ப் பதக்கம் விடுபட்டுள்ளதென்றும், ஆதாரில் தலைப்பெழுத்து வேறாக உள்ளதென்றும் அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதியிருந்தீர்கள். ஓய்வூதியம் வழங்கும் வங்கியால் இதில் எதுவும் செய்ய இயலாது. உங்கள் பணிப்பதிவேடு நீலகிரி வெலிங்டனிலுள்ள ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசில்தான் (ஆவண அலுவலகம்) இருக்கும்.

பஸ்சிமி ஸ்டார் மேற்குப் போர்முனையில் இருந்தோருக்குரியது என்பதால், டிசம்பர் 3 முதல் 17 வரை உங்கள் பட்டாலியன் எங்கிருந்தது, நீங்கள் அதில் இருந்தீர்களா, விடுப்பிலோ மருத்துவமனையிலோ இருந்தீர்களா என்பதையே அவர்கள் முதலில் பார்ப்பார்கள். ஆகவே படையெண், பட்டாலியன், கம்பெனி, தேதிகள் ஆகியவற்றைப் பதக்கத்துக்கான மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

பெயர்த் திருத்தத்தை அதே மனுவில் கலக்க வேண்டாம். என் சித்தப்பா கலந்தார். முன்னால் இருக்க வேண்டிய 'எஸ்' பின்னால் இருந்ததற்காகவே மனு இருமுறை திரும்பியது. பெயர்த் திருத்த மனுவைப் பள்ளிச் சான்றிதழுடனும் பிரமாணப் பத்திரத்துடனும் தனியாக அனுப்புங்கள்.

பதக்க மனுவைத் திருநெல்வேலி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டி, அவர்கள் வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், 30 நாளில் பதிலளிக்க வேண்டிய தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். அசல் புத்தகத்தை மட்டும் எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.