இரவுத் தூக்கத்துக்குப் பகலில்தான் வைத்தியம்

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. அல்சைமர் நோய். பகலெல்லாம் தூங்குகிறார், சாயங்காலமானால் பதற்றம், இரவில் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார். தூக்க மாத்திரை கொடுக்கலாமா? பல வருடங்கள் சரியாகத் தூங்காததால்தான் இந்த நோய் வந்ததா?

பதில்: மாத்திரையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். டயஸிபாம் வகை மாத்திரைகளும், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்துகளும் இந்த நோயில் குழப்பத்தைக் கூட்டும். கீழே விழுந்து எலும்பு முறியும் அபாயமும் உண்டு.

இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. அதுதான் உடல் கடிகாரம். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது தினமும் தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. அல்சைமரில் அந்த அணுக்களே குறைந்துபோகின்றன. வீட்டுக்குள்ளேயே இருப்பதால் வெளிச்சமும் போதவில்லை. அம்மா வேண்டுமென்று இப்படிச் செய்யவில்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

ஆகவே காலையிலிருந்து தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுப்பி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வெளியே நடக்கவோ உட்காரவோ வையுங்கள். மேகமூட்டமான நாளில்கூட வெளி வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். நெதர்லாந்து முதியோர் இல்லங்களில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், பகல் வெளிச்சத்தைச் சுமார் 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு உயர்த்தியபோது நினைவாற்றல் சரிவு ஓரளவு மட்டுப்பட்டது, மனச்சோர்வும் குறைந்தது. அதே ஆய்வில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனை மட்டும் எடுத்தவர்களுக்கு மனநிலை மோசமானது. அதனால் அதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரம் போதும். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள்; நிழல்கள் பயமுறுத்தும். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரையை இரவில் கொடுக்கிறீர்கள் என்றால், காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலச்சிக்கல், வலி, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் இரவைக் கெடுக்கும். இந்தக் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்திருந்தால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இரண்டாவது கேள்வி உங்களை உள்ளுக்குள் வதைக்கிறது என்று தெரிகிறது. விழித்திருக்கும்போது அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் கூடுகிறது, தூங்கும்போது குறைகிறது, இது உண்மை. ஆனால் மறதி தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் தொடங்கி, அதுவே தூக்கத்தையும் கெடுக்கிறது. எது முதலில் வந்தது என்று ஒருவரிடத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. பழைய நாட்களைக் குற்றம் சொல்லாதீர்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தூக்கத்திலேயே கத்துவது, உதைப்பது உண்டா? பார்க்கின்சன், லூயி பாடி (மறதி நோயின் இன்னொரு வகை) நோய்களில் அது வரும். இருந்தால் போனில் வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.