மார்ச்சில் ராஜினாமா வேண்டாம், மார்கழியில் வந்து தங்குங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் 13 வருடமாக வேலை செய்கிறேன். மனைவி, இரண்டு பிள்ளைகள், வெள்ளவத்தையில் வாடகை வீடு. மட்டக்களப்பில் ஆயித்தியமலைப் பக்கம் அம்மாவின் பெயரில் 3 ஏக்கர் வயல் இருக்கிறது. ஊரவர் ஒருவர் பல வருடமாகக் குத்தகைக்குச் செய்கிறார். ஒவ்வொரு சித்திரைக்கும் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது மனம் கேட்பதில்லை. வருகிற மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு, சேமலாப நிதியை (EPF) எடுத்து, பக்கத்தில் மலிவாக வருகிற 5 ஏக்கர் பெர்மிட் காணியையும் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) வாங்கி, அமைதியாக வேளாண்மை செய்து வாழலாம் என்று நினைக்கிறேன். இது நடக்கக்கூடிய காரியமா?

பதில்:

நடக்கக்கூடிய காரியம்தான் தம்பி. ஆனால் நீங்கள் போட்டிருக்கிற வரிசை பிழை. விவசாயப் போதனாசிரியராக வேலை செய்த காலம் முழுக்க இந்தக் கேள்வியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு வந்து நிலைத்தவர்களும் உண்டு, இரண்டு போகத்தில் திரும்பிப் போனவர்களும் உண்டு. திரும்பிப் போனவர்களில் சோம்பேறி என்று ஒருவரையும் சொல்ல மாட்டேன். அவர்கள் ஊரைத் தெரிந்துகொண்ட மாதம்தான் பிழை.

நீங்கள் வருவது சித்திரையில். அப்போது மாரி மழைக்குச் செய்கிற பெரும்போகத்தை அறுத்து, நெல் விற்று, கடன் கொடுத்து முடிந்திருக்கும். உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் நிற்கும். குளத்துத் தண்ணீரில் செய்கிற சிறுபோக வேலை தொடங்கியிருந்தாலும் புதுவருடத்துக்கு எல்லோரும் கொஞ்சம் ஓய்ந்திருப்பார்கள். பின்னேரம் வரம்பில் உட்கார்ந்தால் கொக்கும் காற்றும்தான். அது பொய்யான காட்சி இல்லை. ஆனால் பன்னிரண்டு மாதத்தில் ஒரு மாதம்.

மார்கழியைச் சொல்கிறேன், கேளுங்கள். ஐப்பசியில் புழுதியிலோ சேற்றிலோ விதைத்த நெல் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும். வாடைக்காற்றோடு மழை இரவு பகலாகக் கொட்டும். நள்ளிரவில் ஓட்டில் விழுகிற மழையின் சத்தம் மாறும், உங்களுக்கு நித்திரை கலையும். டோர்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய், எந்த வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகிற வாயை) திறப்பது, எதைக் கட்டுவது என்று இருட்டில் முடிவெடுக்க வேண்டும். வரம்பில் நண்டுத் துளை ஒன்று இருந்தால் போதும், விடிவதற்குள் அந்த இடம் அரை அடி அகலத்துக்கு உடைந்திருக்கும். குதிக்காலால் சேற்றை மிதித்து அடைப்பீர்கள். அடைத்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்து வரம்பில் இன்னொரு டோர்ச் வெளிச்சம் அசையும். அந்த வெளிச்சத்துக்குரியவர்தான் இனி உங்களுக்கு உறவு. குளம் நிறைந்து வான்கதவு திறந்தால் பள்ளக் காணிகள் மூழ்கும், சில நாட்களுக்குப் பாதையும் தடைப்படும். வலையிறவுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போக முடியுமா என்று காலையில் ஊரே விசாரித்துக்கொண்டிருக்கும்.

பிறகு கதிர் பால் பிடிக்கிற காலம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யானை வராத ஊர் குறைவு. ஆயித்தியமலை உங்கள் ஊர், இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வயல் காவல் குடிசையான வாடியில் ஒரு மாதம் காவல் இருந்திருக்கிறீர்களா? யானை வெடியும் டோர்ச்சும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடாமல், ஐந்தாறு பேர் முறை போட்டு? இது வேகமில்லாத வாழ்க்கைதான், ஆனால் ஓய்வான வாழ்க்கை இல்லை. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் தெரியாமல் வந்தவர்கள்தான் களைத்துப் போனார்கள்.

ஆகவே மார்ச்சில் ராஜினாமாக் கடிதம் வேண்டாம். இந்த ஒரு வருடத்து லீவைத் துண்டு துண்டாக எடுத்து, விதைப்புக்கு ஒரு வாரம், மார்கழியில் இரண்டு வாரம், அறுவடைக்கு ஒரு வாரம் வந்து தங்குங்கள். ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும்போது ஒரு வாரம். முடிந்தால் மனைவி பிள்ளைகளோடு வாருங்கள். வேலையில் இருந்துகொண்டே செய்யக்கூடியது இது. மலிவானதும் இதுதான்.

இனிக் காசுக் கணக்கு. இங்கேதான் பலர் அடிபடுகிறார்கள்.

சேமலாப நிதியை நீங்கள் நினைத்தவுடன் எடுக்க முடியாது. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது நிறைய வேண்டும். வேலையை விட்டதனால் மட்டும் கைக்கு வராது. 10 வருடத்துக்கு மேல் பங்களிப்பும் கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் மீதியும் இருந்தால், வீட்டுத் தேவைக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் வரை முன்கூட்டிப் பெறலாம். ஊரில் வீடு திருத்த வேண்டியிருந்தால் அந்த விண்ணப்பத்தை வேலையில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். வேலையை விட்டால் கைக்கு வருவது இரண்டு: ஊழியர் நம்பிக்கை நிதி (ETF), அப்புறம் பணிக்கொடை. நம்பிக்கை நிதியை வயது பாராமல் எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் மறுமுறை எடுக்க 5 வருடம் போக வேண்டும். பணிக்கொடை, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்கள் 13 வருடத்துக்கு ஆறரை மாதச் சம்பளம் வர வேண்டும். கடைசியாக எடுத்த அடிப்படைச் சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப்படி போன்றவற்றை மட்டும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள், மற்றக் கொடுப்பனவுகளைச் சேர்த்து மனக்கோட்டை கட்ட வேண்டாம்.

அந்த ஆறரை மாதம் எதற்கு? காணி வாங்க அல்ல. சோற்றுக்கு.

3 ஏக்கர் நெல் என்ன தரும் என்று பார்ப்போம். ஏக்கருக்கு 1,800 கிலோ என்று வையுங்கள், இது நல்ல போகம். 2025 பெப்ரவரியில் அரசு அறிவித்த விலை நாட்டு நெல் கிலோவுக்கு 120 ரூபாய். எல்லாம் சரியாக நடந்தால் மொத்தம் 6 இலட்சத்து 48 ஆயிரம். இதில் உழவு, விதை, உரம், களைநாசினி, வெட்டு மெசின், சாக்கு, ஏற்றுக்கூலி எல்லாம் கழிய, என் அனுபவத்தில் பாதிக்கு மேல் போய்விடும். மிச்சம் ஏறத்தாழ 3 இலட்சம் என்றாலும், ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 50 ஆயிரம். அதுவும் நெல்லைக் காயவைத்துத் தரமாகக் கொடுத்தால்தான். வட்டையிலேயே, அதாவது வயல்வெளியிலேயே, ஈர நெல்லை வியாபாரியிடம் கொடுத்தால் அவர் சொல்வதுதான் விலை, அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்பதால் வேறு வழியும் இராது. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். உங்கள் வயல் இருக்கிற கண்டத்துக்கு அந்த வருடம் தண்ணீர் இல்லாமலும் போகலாம்.

என் உறவுக்காரர் ஒருவர், உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறியவர், கையில் வந்த காசு முழுவதையும் போட்டு 2010 ஐப்பசியில் 12 ஏக்கர் விதைத்தார். 2011 தையில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அறுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த நெல். தண்ணீர் வற்றியபோது கதிர் சேற்றோடு படிந்து, அதிலேயே முளைத்துக் கிடந்தது. நான் அவரோடு வரம்பில் நின்றேன். ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு நடந்தார். அவர் இன்றும் வேளாண்மை செய்கிறார், ஆனால் 2 ஏக்கர்தான். மிச்சக் காசை ஒருபோதும் ஒரே போகத்தில் போடுவதில்லை. காப்புறுதியும் தவறாமல் கட்டுகிறார்.

ஆகவே வயலை வீட்டுக்குச் சோறு தருகிற இடமாக வையுங்கள். மாதச் செலவுக்கு வேறு ஊற்று வேண்டும். உங்கள் தொழிலை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து செய்ய முடியுமா என்று நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். முழுதாக விடுவதைவிடப் பாதியாகக் குறைப்பது உங்கள் வயதுக்கு நல்லது. ஊரில் சிக்னல் எந்த அறையில் வருகிறது, மழை நாளில் கரண்ட் எவ்வளவு நேரம் போகிறது என்பதையெல்லாம் அந்த மார்கழி இரண்டு வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். கார் லீசிங் இருந்தால் அதை முடிக்காமல் ஊருக்கு வரவே வேண்டாம்.

இப்போது, நீங்கள் ஒற்றை வரியில் தாண்டிப் போன விடயத்துக்கு வருகிறேன். "ஊரவர் ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார்." அவர் யார், எத்தனை போகமாகச் செய்கிறார், கமநல சேவை நிலையத்து இடாப்பில் யாருடைய பெயர் இருக்கிறது? 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குத்தகைக்குச் செய்கிறவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. அவர் முறையாகப் பதிந்தவராக இருந்தால் "அடுத்த போகம் நான் செய்கிறேன்" என்று சொல்லி எழுப்பிவிட முடியாது. சட்டத்தை விடுங்கள். நீங்கள் கொழும்பில் இருந்த காலமெல்லாம் அந்த வரம்பைக் கட்டியவர், யானைக்கு விழித்திருந்தவர் அவர்தான். அவருடைய பிள்ளைகளின் சோறும் அந்த 3 ஏக்கருக்குள்தான் இருக்கிறது. போய் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். முதல் இரண்டு போகம் 1 ஏக்கரை மட்டும் நீங்கள் எடுத்து, மிச்சத்தை அவரே செய்யட்டும். உங்களுக்கு உழவு பிடிக்கிற நாளையும் மருந்தடிக்கிற நாளையும் சொல்லித் தருகிற ஆள் கிடைப்பார். அவரைப் பகைத்துக்கொண்டு அந்த வட்டையில் உங்களால் ஒரு போகமும் நிம்மதியாகச் செய்ய முடியாது.

இன்னொன்று, உங்களுக்குச் சகோதரிகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்தில் தாய்க் காணி பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். வாய்ப்பேச்சில் எவருக்காவது சொல்லியிருந்தால், அதை அம்மா இருக்கும்போதே தீர்த்துவிட்டு வாருங்கள்.

அந்த 5 ஏக்கர் பெர்மிட் காணி வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. நொத்தாரிசு எழுதிக் கொடுக்கிற கடிதமோ சத்தியக் கடதாசியோ உங்களை அந்தக் காணிக்கு உரித்தாக்காது. விற்றவர் இறந்தால், அடுத்த உரிமைக்காரராக, அதாவது பின்னுரித்தாளியாக, பதிந்திருப்பவர் வந்து நிற்பார். மலிவாக வருவதற்குக் காரணமே அதுதான். காட்டோரக் காணியாக இருந்தால் வன இலாகாவின் எல்லைக்குள் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு துண்டு நிலம் வாங்கியே ஆக வேண்டுமென்றால், சொந்த உறுதிப்பத்திரம் உள்ள உறுதிக் காணியாக, காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்த பிறகு, வீட்டோடு சேர்ந்த அரை ஏக்கர் வாங்குங்கள். தென்னை, முருங்கை, வாழை, மரவள்ளி, பத்துக் கோழி. களுதாவளைப் பக்கம் ஒருமுறை போய், மணல் நிலத்தில் சிறிய துண்டில் எப்படி மிளகாயும் வெங்காயமும் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஆனால் கடலோரமான எழுவான்கரை மணலில் கிணறு வெட்டினால் மோட்டாரை அளவோடு போட வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நல்ல தண்ணீர் மெல்லியதாகத்தான் நிற்கிறது, பேராசைப்பட்டு இறைத்தால் உவர் ஏறும்.

பிள்ளைகளின் படிப்புக்கு நான் பயப்படவில்லை, நம் மாவட்டத்தில் நல்ல பள்ளிக்கூடங்கள் உண்டு. மூத்த பிள்ளை புலமைப்பரிசில் வகுப்பில் இருந்தால் அந்தப் பரீட்சை முடியட்டும். மனைவியின் மனம்தான் பெரிய விடயம். அவர் வர விரும்புகிறாரா என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

உடம்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரும்போகச் சேற்றில் எலிக்காய்ச்சல் வரும். வயலில் இறங்குவதற்கு முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்த் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள். காலில் புண்ணோடு இறங்க வேண்டாம். காய்ச்சல் என்றால் இரண்டாம் நாள் வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

முதல் வேலையாக, பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் எப்போது என்று கமநல சேவை நிலையத்தில் கேட்டு, அன்றைக்கு லீவு போட்டு வாருங்கள். விதைப்புத் தொடங்கும் நாளும், தண்ணீர் விடும் நாளும், மாடு வயலுக்குள் வரக்கூடாத கடைசி நாளும் அங்கேதான் முடிவாகும். பின்வரிசையில் உங்கள் குத்தகைக்காரருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். கூட்டம் முடிந்ததும் வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையைப் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: நம்முடைய வயல் வாய்க்காலின் தலைப்பிலா, கடைசியிலா? 2011 இல் அதில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது? அவர் சொல்கிற பதிலை எனக்கு எழுதுங்கள். எந்த இன நெல், எத்தனை மாதத்து நெல் என்று அப்போது பேசலாம்.